நண்டு ஓட்டும் விஜயராணி

விஜயராணி ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டதே ஒரு கோபத்தில்தான். ஸ்ரீரங்கத்தில் அவள் கணவர் ரெங்கராஜ் இட்லி மாவு அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறார். ஓர் ஐப்பசி மழை நாளில் காந்தி மார்க்கெட்டில் இரண்டு மூட்டை உளுந்து வாங்கிக்கொண்டு வந்தவளை, பாலத்தில் ஒரே நெரிசல் என்று சொல்லிக் காவிரிக்குத் திருச்சிப் பக்கமே இறக்கிவிட்டுப் போய்விட்டார் ஓர் ஆட்டோக்காரர். மூட்டைகளின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு அவள் முக்கால் மணி நேரம் நனைந்துகொண்டு நின்றாள். வீடு வந்ததும் தலையைக்கூடத் துவட்டவில்லை.

"எனக்கு ஆட்டோ லைசென்ஸ் எடுத்துக் குடுங்க."

"உளுந்து நனைஞ்சிருச்சா?" என்றார் ரெங்கராஜ்.

"உளுந்து நனையல. நான்தான் நனைஞ்சேன்."

அடுத்த தை மாதம் சொந்த ஆட்டோ வந்துவிட்டது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஸ்ரீரங்கம் ரயில் நிலைய வாசலிலிருந்து அவள் ஓட்டாத தெரு கிடையாது. தேரோட்ட நாளில் சித்திரை வீதியில் ஜனங்களுக்கும் மாடுகளுக்கும் பொம்மைக் கடைகளுக்கும் நடுவே வண்டியைப் பின்னாலேயே எடுத்து வெளியே கொண்டுவந்துவிடுவாள். வாரம் தவறாமல் சேவிக்கப் போகும் பானுமதி மாமி ஏறினால் மட்டும் வேகம் குறையும். "மெதுவாப் போம்மா, பெருமாள் சயனத்துலதானே இருக்கார், எழுந்து எங்கயும் போயிடமாட்டார்" என்பார் மாமி.

விஜயராணி பிறந்த ஊர் மருங்காபுரிப் பக்கம். வானம் பார்த்த பூமி. கடலை போட்டு, சோளம் போட்டு அலுத்துப்போனவர்கள் எல்லாம் இப்போது தைல மரம் வைத்திருக்கிறார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புவார்கள். அந்த மரங்களை வெட்டி, பட்டை உரித்து, பத்தடிக் கட்டைகளாகத் துண்டு போட்டு லாரியில் ஏற்றிவிடுவது அவள் அண்ணன் அம்மாசியின் கூட்டம். அண்ணி சந்திரம்மாளையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். லாரியின் பின்பக்கம் நீளமான பலகையைச் சாய்த்துவைத்து, தோளில் சும்மாடு போட்டு, ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிக்கொண்டு பலகை மேல் ஏறவேண்டும். ஒரு லாரி நிறைய விடிகாலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். சந்திரம்மாளுக்கு வயது ஐம்பது. கூட்டத்தில் அதிகக் கட்டை ஏற்றுபவர் அவர்தான். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

போன வருடம் மாசி மாதம் அம்மாசி ஒரு கட்டையைத் தூக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். மணப்பாறையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் படுத்துக்கிடந்து யோசித்த அம்மாசி மூன்றாம் நாள் தங்கைக்கு போன் போட்டார்.

"ராணி, கட்டை தூக்கறதுக்குன்னு மெஷின் இருக்காம்ல. நீதான டவுன்ல இருக்க. என்ன ஏதுன்னு கொஞ்சம் விசாரிச்சுட்டு வாயேன்."

"எனக்கு என்னண்ணே தெரியும் அதப்பத்தி?"

"ஆட்டோவப் பத்தி என்ன தெரிஞ்சுக்கிட்டா வாங்கின?"

மறுநாளே மன்னார்புரத்தில் இருக்கும் ஒரு மெஷின் ஷோரூமுக்குப் போனாள். காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தவளைப் பார்த்து, அங்கே விற்பனையைக் கவனித்துக்கொள்ளும் சித்தார்த் என்ற இளைஞன் எழுந்து வந்தான்.

"வாங்க மேடம். சார் வரலையா?"

"எந்த சார்?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பிறகு அவன் காட்டியது ஷோரூம் வாசலில் நின்ற பெரிய மண் அள்ளும் இயந்திரம். மண் அள்ளும் வாளிக்குப் பதிலாகக் கட்டையைக் கவ்வும் இரும்புக் கொடுக்கு மாட்டியிருந்தது. ஒரே நாளில் நாலு லாரி ஏற்றும் என்றான். விஜயராணிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. மஞ்சள் நிறம், யானை மாதிரி உடம்பு. பிறகு அவன் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தான். கட்டை எத்தனை கிலோ வரும்? மர வரிசைக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? மண் கரிசலா, செம்மண்ணா? லாரி எவ்வளவு உயரம்? ஒன்றுக்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பயணிகளிடம் எங்கே போகவேண்டும் என்று கேட்காமல் வண்டியைக் கிளப்பினதுபோல் இருந்தது அவளுக்கு.

"நாளைக்கழிச்சு வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மருங்காபுரிக்குப் போனாள். கையில் ஆட்டோவில் சாமான் கட்டும் வெள்ளை நைலான் கயிறு ஒன்று. கடையில் உளுந்து நிறுக்கும் தொங்கு தராசையும் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். அன்று மரம் வெட்டிக்கொண்டிருந்த காட்டில், அடிமரங்களின் இரண்டு வரிசைக்கு நடுவே கயிற்றைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். லாரியில் கட்டை நிறைந்த பிறகு இருக்கும் உயரத்துக்கு ஒரு முடிச்சு. கட்டை அடுக்கிவைக்கும் இடத்திலிருந்து லாரியின் அந்தப் பக்கப் பலகை வரைக்கும் ஒரு முடிச்சு. சந்திரம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு முடிச்சும் போட்டாச்சு. மாப்பிள்ள யாரு ராணி?"

"மன்னார்புரத்துல மஞ்சக் கலர்ல ஒருத்தர் நிக்கிறாரு அண்ணி. உங்களுக்குப் பிடிக்குதான்னு பாக்கணும்."

கூட்டமே சிரித்தது. மூன்று மரக்கழிகளைக் கூம்பாகக் கட்டி, அதில் தராசைத் தொங்கவிட்டு, இருப்பதிலேயே தடித்த கட்டையை நிறுத்தார்கள். அறுபது கிலோவைத் தாண்டியது. இத்தனை நாளும் அண்ணி இதையா தோளில் வைத்துப் பலகை ஏறினார் என்று விஜயராணிக்கு நெஞ்சு கனத்தது. அம்மாசி ஒரு விஷயம் சொன்னார். வெட்டின அடிமரத்திலிருந்துதான் மறுபடி துளிர் வந்து அடுத்த வெட்டுக்கு மரமாகும்; எந்த வண்டி வந்தாலும் அந்தத் தூர்மேல் ஏறக் கூடாது, ஏறினால் காட்டுக்காரர் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்.

சொன்னபடியே மூன்றாம் நாள் ஷோரூமுக்குப் போனவள், நேராகக் குனிந்து அந்த மஞ்சள் இயந்திரத்தின் குறுக்கே கயிற்றை நீட்டினாள். முதல் முடிச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. அதன் சங்கிலிச் சக்கரம் இரண்டு பக்கமும் தூர்மேல் ஏறித்தான் போகும். போதாததற்கு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு அதைக் கொண்டுபோக வேறொரு லாரி வேண்டும்.

"இது வேணாம் தம்பி."

சித்தார்த்துக்கு விற்பனை போனதே என்ற வருத்தம் ஒரு நிமிடம்தான். முடிச்சுப் போட்ட கயிற்றோடு கடைக்கு வந்தவர் யாரையும் அவன் அதுவரை பார்த்ததில்லை. உற்சாகமாகப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். அங்கே டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சின்னத் தூக்கிகள் இரண்டு நின்றன. டிராக்டர் எஞ்சினிலேயே ஓடும். மடங்கி நீளும் கை, கையின் நுனியில் கொடுக்கு, தரையில் ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்புக் கால்கள். டிராக்டர் அம்மாசியிடமே இருந்தது. அது மர வரிசைக்குள் தாராளமாகப் போய்வரும். ரோட்டிலும் தானே ஓடும்.

முதல் தூக்கியின் மேல் 'ஒரு டன்' என்று பெரிதாக எழுதியிருந்தது. விஜயராணி அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"இது கை மடங்கியிருக்கறப்பவா, நீட்டினப்புறமா?"

சித்தார்த் திரும்பிப் பார்த்தான்.

"எங்க கடையில மாவு வாளிய இடுப்போட அணைச்சா இருபது கிலோகூடத் தூக்குவேன். கைய நீட்டிக்கிட்டுத் தூக்குன்னா அஞ்சு கிலோ தாங்காது. அதான் கேட்டேன்."

அவன் உள்ளே போய் அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தான். கையை முழுதாகப் பதினாறு அடிக்கு நீட்டினால் முன்னூற்று ஐம்பது கிலோதான். கட்டை அறுபது கிலோ என்றால் ஒரு பிடிக்கு ஐந்து. ஐந்து போதும் என்று அவள் கணக்குப் போட்டாள். மூன்றாவது முடிச்சு வரைக்கும் கை எட்டுகிறதா என்று கயிற்றை வைத்துப் பார்த்தாள், எட்டியது. இரண்டாவது தூக்கி கொஞ்சம் மலிவு, கையும் நீளம். ஆனால் அதை ஓட்டுகிறவர் தரையில் பக்கத்திலேயே நின்று பிடிகளை இழுக்கவேண்டும். தலைக்கு மேலே கட்டை ஆடிக்கொண்டு போகும். அது அவளுக்கு ஆகவில்லை. முதலாவதில் உயரமாக ஓர் இருக்கையும் சுற்றிலும் கம்பிக் காப்பும் இருந்தன. அங்கே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். லாரியின் அந்தப் பக்கமும் தெரியும்.

"எண்ணெய்க் குழாய் வெடிச்சா மாத்துக் குழாய் எங்க கெடைக்கும்?"

"திருச்சியிலேயே கெடைக்கும் மேடம். அரை நாள் போதும்."

"அப்ப இதான். ஆனா படத்தப் பாத்து வாங்கமாட்டோம். காட்டுக்குக் கொண்டாந்து எங்க கட்டையத் தூக்கிக் காட்டுங்க."

சனிக்கிழமை சித்தார்த் தூக்கியோடு மருங்காபுரி வந்தான். கொடுக்கு வாயைத் திறந்து ஐந்து கட்டையைக் கவ்வி மேலே போனபோது யாரோ "நண்டுடா!" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். எல்லாரும் சுற்றி நின்று கைதட்ட, சந்திரம்மாள் மட்டும் தள்ளிப்போய் ஒரு கட்டைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். விஜயராணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி?"

"அது தூக்கிரும்னா நான் எதுக்கு?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. அண்ணியின் தோளைத் தொட்டாள். சும்மாடு அழுத்தி அழுத்தி அங்கே தோல் கெட்டியாக இருந்தது.

"வெட்டறது, பட்டை உரிக்கறது, நண்டு கவ்வற மாதிரி ஒழுங்கா அடுக்கறது எல்லாம் யாரு செய்யறது? ஏத்தறது சீக்கிரம் முடிஞ்சா இன்னொரு காடு எடுக்கலாம். நண்டு உங்க ஒம்பது பேருக்கும் சொந்தம். உங்கள வேணாம்னு சொல்ல அதுக்கு வாயா இருக்கு?"

"வாய் இருக்கே. இந்தா பொளக்குதே" என்றார் சந்திரம்மாள். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

ஒன்பது பேரும் சேர்ந்து குழுவின் பெயரில் வங்கிக் கடன் எடுத்தார்கள். பங்குனி உத்திரத்தன்று நண்டுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வேலையை ஆரம்பித்தார்கள். ஓட்டுவதற்கு வெளியூரிலிருந்து ஓர் ஆளையும் அமர்த்தினார்கள். அந்த ஆள் மூன்று நாள் வந்தார். நாலாம் நாள் காலை, கட்டை உரசித் தேய்ந்துபோயிருந்த ஓர் எண்ணெய்க் குழாய்க்கு மாற்று வாங்கிக்கொண்டு விஜயராணி காட்டுக்கு வந்தபோது லாரி நின்றுகொண்டிருந்தது, கட்டைகள் அடுக்கியிருந்தன, ஆளைக் காணோம். போனும் எடுக்கவில்லை. கேரளாவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டதாகப் பிறகுதான் தெரிந்தது. வெயிலில் கிடந்தால் கட்டை காய்ந்து எடை குறையும். ஆலையில் எடைக்குத்தான் பணம். காட்டுக்காரர் முகம் சுருங்க ஆரம்பித்தது.

"பலகையப் போடுங்க, பழையபடி ஏத்திருவோம்" என்றார் சந்திரம்மாள்.

விஜயராணி நண்டைப் பார்த்தாள். அது முதலில் காட்டுக்கு வந்த சனிக்கிழமையே சித்தார்த் அவளை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தான். எந்தப் பிடி எதற்கு என்பது அவள் கையிலேயே இருந்தது.

"நான் உக்காரட்டுமா அண்ணே?"

அம்மாசி இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "நீயா?"

"தேரோட்டத்துல ரிவர்ஸ் எடுத்தவ நான்."

குழாயை மாற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முதலில் இரும்புக் கால்களை ஊன்றினாள். நண்டின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது என்று சத்தம் போட்டாள். பிறகு அந்தக் கையை மெல்லத் தூக்கினாள். மெல்ல என்றுதான் அவள் நினைத்தாள். அது விருட்டென்று எழும்பி வானத்தைக் காட்டி நின்றது. லாரி டிரைவர் டீயைக் கொட்டிவிட்டு ஓடினார். முதல் பிடியில் ஒரே ஒரு கட்டை வந்தது. இரண்டாவது பிடியில் வந்த மூன்றும் லாரிக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தன. சந்திரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் ஆட்டோவின் பிடியை விரல் நுனியால் திருகியே பழகின கை அவளுடையது. பத்தாவது பிடிக்குள் அந்த இரும்புப் பிடியும் எவ்வளவு இழுத்தால் எவ்வளவு அசையும் என்று விரலுக்குப் புரிந்துவிட்டது. பதினைந்தாவது பிடியில் ஐந்து கட்டையும் ஒன்றாக எழும்பி, லாரியின் அந்த ஓரத்தில் சத்தமில்லாமல் போய்ப் படுத்தன.

"அட!" என்றார் லாரி டிரைவர்.

அன்று லாரி நிறைய மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. இறங்கும்போது விஜயராணிக்குத் தோளெல்லாம் வலி, முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்குப் போனதும் ரெங்கராஜிடம் கை கால் எல்லாம் ஆட்டி நடித்தே காட்டினாள். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு முழுக்கதையும் கேட்டார்.

"அப்ப ஆட்டோ?"

"வெள்ளி, சனி, ஞாயிறு ஆட்டோ. மத்த நாள் நண்டு."

"சரி. மத்த நாளைக்கு இட்லி கட்டித் தர்றேன். எத்தனை பேருக்கு?"

"பத்து பேருக்கு."

"பத்து பேருக்கா!" என்றாலும் அவர் கட்டித்தந்தார்.

வைகாசியில் ஒரு கோடை மழை பெய்த மறுநாள்தான் அவள் பயந்த ஒரே நாள். ஐந்து கட்டை அந்தரத்தில் இருக்கும்போது வலதுபக்க இரும்புக் கால் ஈர மண்ணில் புதைந்து, டிராக்டர் ஒருக்களித்தது. குதித்துவிடலாமா என்று உடம்பு துடித்தது. சாய்கிற மாதிரித் தோன்றினால் குதிக்காமல் முதலில் பாரத்தை இறக்கவேண்டும் என்று சித்தார்த் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை உள்ளே மடக்கிக் கட்டைகளைத் தரையில் வைத்தாள். வண்டி தானாகவே நிமிர்ந்தது. சந்திரம்மாள் போய், லாரிக்குச் சாய்த்துவைக்கும் அந்த நீளப் பலகையை இழுத்துவந்து, அம்மாசியிடம் ரம்பத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு துண்டாக அறுத்தார்.

"கால் புதையாம இருக்க இத அடியில போடு. எனக்கு இனிமே இது எதுக்கு?"

அன்றிலிருந்து கால் ஊன்றும் இடத்திலெல்லாம் பலகை போட்ட பிறகுதான் நண்டு வாயைத் திறக்கும். மின்கம்பி போகிற இடம் என்றால் லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிடுவாள். ஆனி முடிவதற்குள் ஒரு லாரியை ஒன்றேகால் மணி நேரத்தில் நிரப்பினாள். வெட்டிப் பட்டை உரிக்க நேரம் ஆவதால் ஒரு நாளைக்கு இரண்டு லாரிக்கு மேல் போகவில்லை. துவரங்குறிச்சி, வையம்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் அம்மாசிக்கு போன் போட்டு, "அந்த நண்டு அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மாசி இப்போது குனியாமல் நிமிர்ந்து நின்று லாரிகளுக்கு நாள் குறித்துக்கொடுக்கிறார். நிமிர்ந்து நிற்கும் வேலை தனக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஆடிப்பெருக்கன்று கூட்டம் முழுவதும் ஒரு மினி வேன் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தது. முந்தின நாளே இரண்டு லாரியை அனுப்பிவிட்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் வேலை நாளில் ஒருநாள் முழுதாக விடுப்பு எடுத்தது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. அம்மா மண்டபத்தில் நிற்க இடமில்லை என்று தெரிந்து, விஜயராணி அவர்களைக் கீதாபுரம் படித்துறைக்கு அழைத்துப் போனாள். காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போனது. ரெங்கராஜ் புளியோதரையும் தயிர்சாதமும் அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து இறக்கினார். காதோலை கருகமணி, பழம் எல்லாம் வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சந்திரம்மாள் மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டு எழுந்தார்.

"ராணி, ஒண்ணு சொல்லுவேன், சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல, சொல்லுங்க அண்ணி."

"அந்த சீட்டுல நான் ஒரு நாள் உக்காந்து பாக்கணும்."

விஜயராணி சிரிக்கவில்லை, படியிலிருந்து அப்படியே தண்ணீரில் குதித்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். தூரத்தில் சாதத் தட்டோடு நின்ற அம்மாசி, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போய் ஓடிவந்தார்.

அடுத்த வாரமே சந்திரம்மாள் ஏறி உட்கார்ந்தார். எந்தக் கட்டை எப்படி உருளும், எதற்கு மேல் எதை வைத்தால் லாரியில் நிற்கும் என்பதெல்லாம் முப்பது வருடமாக அவர் உடம்புக்குத் தெரிந்த விஷயம். பிடிகள் மட்டும்தான் புதிது. ஒரு மாதத்தில் அவரும் நன்றாக ஓட்டினார். வேகத்தில் விஜயராணி முந்துவாள். அடுக்கின அழகில் அண்ணியை யாரும் மிஞ்ச முடியாது. அவர் ஏற்றின லாரி மேடு பள்ளத்தில் போனாலும் ஒரு கட்டை அசையாது என்று டிரைவர்களே சொல்கிறார்கள்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் விஜயராணி மருங்காபுரி போவதில்லை. அந்த இருபது நாளும் ஸ்ரீரங்கத்தில் ஆட்டோவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இந்த மார்கழியில் அப்படி ஒரு காலையில், பானுமதி மாமியை ஏற்றிக்கொண்டு வடக்கு உத்திர வீதியில் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"ராணி, நேத்து ஒரே நாள்ல மூணு லாரி!"

"மூணா? பொய் சொல்லாதீங்க அண்ணி."

"போட்டோ அனுப்பச் சொல்றேன் இரு."

வந்த படத்தில் மூன்று லாரிகள் வரிசையாக நின்றன. முன்னால் நண்டின் இருக்கையில் சந்திரம்மாள், தலையில் சும்மாட்டுத் துணியை முண்டாசாகக் கட்டிக்கொண்டு. விஜயராணி போனை அப்படியே பின்னால் திருப்பி மாமியிடம் காட்டினாள். மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இது, ராஜாத்தி மாதிரி உக்காந்திருக்கறது?"

"எங்க அண்ணி, மாமி" என்று சொல்லிவிட்டு விஜயராணி வண்டியைக் கிளப்பினாள்.